பழைய கணினியின் வன்தட்டை மாற்றும் முன்

கேள்வி: 2010ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினியை இன்றும் பயன்படுத்தி வருகிறேன். விண்டோஸ் 7, 500 ஜிபி வன்தட்டு. சில வாரங்களாகக் கணினி தயாராவதற்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகின்றன. மூன்று நாள்களுக்கு முன் கறுப்புத் திரையில் ‘ஸ்மார்ட் நிலை மோசம், நகல் எடுத்துவிட்டு மாற்றுக’ (ஸ்மார்ட் என்பது வன்தட்டின் தற்சோதனை) என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. எஃப்1 விசையை அழுத்தினால் விண்டோஸ் திறக்கிறது. நான் நம்பியிருக்கும் கணக்கு மென்பொருளின் நிறுவல் சிடி தொலைந்துவிட்டது, அதைத் தயாரித்தவர்களும் இப்போது தொழிலில் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளும் குடும்பப் படங்களும் அதிலேயே இருக்கின்றன. முதலில் விண்டோஸின் தட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிப் பழுதை நீக்கச் சொல்கிறார் நண்பர். சுழலும் பாகம் இல்லாத புதுவகைத் தட்டான எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினால் போதும் என்கிறார் மருமகன். எது சரி? மென்பொருளை இழக்காமல் வன்தட்டை நானே மாற்ற முடியுமா? பழைய வன்தட்டைக் கூடுதல் சேமிப்புக்காக உள்ளேயே வைத்துக்கொள்ளலாமா? வன்தட்டின் நலத்தைச் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் காட்டிய எண்கள்: 05 வரிசையில் 28, சி5 வரிசையில் 18, சி7 வரிசையில் 0.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் விடை சொல்கிறேன். அதற்கு முன், கணினி இப்போது ஓடிக்கொண்டிருந்தால் முறைப்படி நிறுத்திவிடுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை மறுபடி இயக்க வேண்டாம். அந்த வன்தட்டு இன்னும் பத்து மணி நேரம் ஓடுமா, பத்து மாதம் ஓடுமா என்று எவராலும் கணித்துச் சொல்ல முடியாது. மிஞ்சியிருக்கும் ஆயுள் எவ்வளவாக இருந்தாலும், உள்ளே இருப்பதைப் பத்திரமாக வெளியே எடுப்பதற்கே அதைச் செலவிட வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது வெறுமனே படிப்பதோடு நிற்பதில்லை. பதிவுக் குறிப்புகளை எழுதுகிறது, நினைவகம் போதாதபோது தட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலைப் புரட்டுகிறது, ஆன்டிவைரஸ் தன் பங்குக்குத் தட்டு முழுவதையும் துழாவத் தொடங்குகிறது. நிலைமை எப்படி இருக்கிறதென்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் இயக்கும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் நடக்கின்றன.

நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்ப்போம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, அமைப்பை மாற்றாதவரை, மூல மதிப்புகளைப் பதினாறின் அடிப்படையிலான எண்முறையில்தான் காட்டும். ஆகவே 05 வரிசையில் உள்ள 28 என்பது நம் வழக்கமான கணக்கில் 40. சி5 வரிசையில் உள்ள 18 என்பது 24. முதலாவது, கெட்டுப்போனதால் ஒதுக்கிவைக்கப்பட்டு, உதிரிச் செக்டர்களால் ஈடுசெய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை (தகவல் எழுதப்படும் சிறு கட்டமே செக்டர்). அந்த 40 செக்டர்களின் கதை முடிந்துவிட்டது. கவலைக்குரியது இரண்டாவதுதான். அந்த 24 செக்டர்களை வன்தட்டால் படிக்க முடியவில்லை. அவற்றை என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் நிலுவையில் வைத்திருக்கிறது. அவற்றில் இருந்த தகவல் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கொண்டால் 24 செக்டர்கள் மொத்தம் 12 கிலோபைட்தான். 500 ஜிபியில் இது ஒரு துளியும் இல்லை. ஆனால் அந்தத் துளி எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி: ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தால் ஒரு கீற்று நிறம் மாறும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் விழுந்திருந்தால் கணினியே திறக்காது.

சி7 வரிசையில் 0 இருப்பது நல்ல செய்தி. வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் ஏற்படும் பிழைகளை அது எண்ணுகிறது. அங்கே பெரிய எண் இருந்திருந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கேபிள் காரணமில்லை, தட்டே தேய்ந்திருக்கிறது. ஏழெட்டு நிமிடத் தாமதத்துக்கும் இதுவே விளக்கம்: படிக்க முடியாத ஓர் இடத்தை எட்டும்போது வன்தட்டு சலிக்காமல் திரும்பத் திரும்ப முயல்கிறது, அதுவரை விண்டோஸ் வாய் பொத்திக் காத்திருக்கிறது.

இதனால்தான் உங்கள் நண்பரின் யோசனையை இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்கிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆரோக்கியமான தட்டில் மின்வெட்டால் கோப்பு அமைப்பு குழம்பியிருந்தால் செக்டிஸ்க் பொருத்தமான மருந்து. ஆனால் அது கோப்பு அமைப்பைச் சீராக்கும் கருவியே அன்றி உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. அடையாளம் தெரியாத பதிவுகளை அது நீக்கும், துண்டுகளைத் தனிக் கோப்புறையில் கொட்டும், கெட்ட செக்டர்களைத் தேடும்படி ஏவினால் தட்டின் ஒவ்வொரு மூலையையும் தட்டிப் பார்க்கும். நொடிந்த தட்டை மணிக்கணக்கில் அப்படி உழைக்க வைத்த பிறகு, நகல் எடுக்கத் தெம்பு மிஞ்சாமல் போவதைத் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். செக்டிஸ்க்குக்கும் ஒரு நேரம் வரும். அது புதிய தட்டுக்கு மாறிய பிறகு.

ஒரு விஷயத்தைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை: வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று சீரான இடைவெளியில் சத்தம் வருகிறதா? காந்தத் தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறுகிய இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் அந்த முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப மோதுவதன் அறிகுறி. அப்படிக் கேட்டால் கீழே உள்ள எதையும் செய்யாமல், தூசியற்ற அறையில் வன்தட்டைத் திறந்து வேலை செய்யும் தரவு மீட்பு நிபுணர்களிடம் கொடுங்கள். உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று பலர் சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து, இருந்த வாய்ப்பும் போய்விடும்.

சத்தம் இல்லையென்றால், முதல் வேலை ஈடுசெய்ய முடியாதவற்றைத் தனியே எடுப்பது. முழுத் தட்டையும் நேரடியாக நகல் எடுத்துவிடலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எனக்கு இதில் வேறு கருத்து. முழு நகல் பாதியில் நின்றுபோகக்கூடும். அப்போது கையில் மிஞ்சுவது உங்கள் படங்களாக இருக்க வேண்டுமே தவிர விண்டோஸின் பாதி உடலாக இருக்கக் கூடாது. வேறொரு நல்ல கணினியில் விண்டோஸுக்கு மாற்றான, பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைத் தயாரித்து, உங்கள் கணினியை அதன்வழி திறந்து, பழைய தட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, கோப்புகளை வெளித்தட்டு ஒன்றுக்கு மாற்றுங்கள். விண்டோஸைத் திறக்காமலேயே வேலை நடக்கும். தட்டில் ஓர் எழுத்துகூட எழுதப்படாது. முதலில் கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை, அடுத்து கட்டுரைகள், பிறகு படங்கள். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். அங்கே மல்லுக்கு நிற்க வேண்டாம்.

கட்டுரைகளோடு விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய முறைகளில் தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். அந்தந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். பல ஆண்டு உழைப்பைப் பத்திரமாக எடுத்துவந்து புதிய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. கோப்பு கெட்டிருக்காது, எழுத்துரு மட்டும் இல்லாதிருக்கும்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். இந்தக் கேள்வியில் உங்கள் மருமகன் சொல்வதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுற்றிவர 8 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. தேவையான இடத்துக்கு முனை நகர்ந்து, அந்த இடம் சுழன்று கீழே வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிநொடி. அதாவது சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு எண்பது முறைக்குமேல் எட்டிப் படிப்பதே அதற்குப் பெரும்பாடு. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் இல்லை; மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் திறப்பது என்பதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை என்பதால், பழைய கணினியில் செய்யக்கூடிய மாற்றங்களில் கண்ணுக்கு உடனே தெரிவது இதுதான். உங்கள் மதர்போர்டில் வன்தட்டை இணைக்கும் சாட்டா இணைப்பு பெரும்பாலும் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தில் இயங்குவதாக இருக்கும், இன்றைய எஸ்.எஸ்.டி. 6 ஜிகாபிட் வேகத்துக்கானது. இரண்டும் தாமாகவே பேசி, குறைந்த வேகத்தில் ஒத்துப்போகும். அதனால் இழப்பதைவிட, காத்திருப்பு நேரம் மறைவதால் பெறுவது பல மடங்கு.

வாங்கும்போது இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய பலகைத் துண்டுபோல இருக்கும் எம்.2 வகை உங்கள் கணினியில் பொருந்தாது. அளவில் மிகுந்த கவனம் தேவை. 500 ஜிபி என்று விற்கப்படும் வன்தட்டில் வழக்கமாக 976,773,168 செக்டர்கள் இருக்கும்; அதே பெயரில் வரும் எஸ்.எஸ்.டி.யிலும் பெரும்பாலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் 480 ஜிபி என்றும் எஸ்.எஸ்.டி.கள் விற்கப்படுகின்றன, அவற்றில் சுமார் நான்கு கோடிச் செக்டர்கள் குறைவு. வெறும் 20 ஜிபி வித்தியாசம்தானே, தட்டில் பாதிக்குமேல் காலிதானே என்று அதை வாங்கிவிட்டால், செக்டருக்குச் செக்டர் எடுக்கும் நகல் அதில் அடங்காது. பார்ட்டிஷனை, அதாவது தட்டில் பிரிக்கப்பட்ட பகுதியை, முதலில் சுருக்கலாம். ஆனால் சுருக்குவது என்பது நொடிந்த தட்டின்மீது எழுதுவது. ஆகவே 500 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். விண்டோஸ் அதை 465 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்களோ என்று எண்ண வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024, 1024ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. மேல் எல்லையும் ஒன்று உண்டு: பழைய பயாஸும் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) பழைய பார்ட்டிஷன் முறையும் சேர்ந்த கணினியில் 2.2 டிபிக்கு மேற்பட்ட இடத்தைப் பூட் தட்டில், அதாவது கணினி தொடங்கும் தட்டில், பயன்படுத்த முடியாது.

மென்பொருளை இழக்காமல் மாற்ற முடியுமா என்றால், முடியும். அதற்கு வழி முழுத் தட்டின் நகல். சி டிரைவில் இருக்கும் கோப்புகளை எல்லாம் புதிய தட்டுக்கு நகலெடுத்து ஒட்டினால் கணினி திறக்காது என்பதைப் பலர் செய்து பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். தட்டின் முதல் செக்டரில் இருக்கும் பூட் நிரலும், பெரும்பாலான விண்டோஸ் 7 கணினிகளில் 100 எம்பி அளவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பார்ட்டிஷனும் அப்படி நகலெடுக்கும்போது விடுபட்டுப்போகும். முழுத் தட்டும் அப்படியே போய்ச் சேர்ந்தால், கணக்கு மென்பொருள் தான் இடம் மாறியதையே உணராது. ஒருவேளை அது வன்தட்டின் வரிசை எண்ணோடு உரிமத்தைப் பிணைத்திருந்தால் மட்டுமே சிக்கல், அத்தகையவை குறைவு.

ஆரோக்கியமான தட்டென்றால் குளோன்ஸில்லா போன்ற எந்தக் கருவியும் போதும். உங்களுடையது நோயுற்றது; ஆகவே டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவியையே பரிந்துரைக்கிறேன். சாதாரண நகலெடுப்புக் கருவி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படியல்ல: முதல் சுற்றில் நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை எல்லாம் வாரிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போகிறது, பெரும்பகுதி பத்திரமான பிறகே திரும்பி வந்து, விட்டுப்போன இடங்களைச் சிறுகச் சிறுகச் சுரண்டுகிறது. எதைப் படித்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே வருவதால், நடுவில் மின்சாரம் போனாலும், தட்டு சூடேறி நிறுத்த நேர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பைத் தனியொரு பென் டிரைவில் வையுங்கள். இரண்டு தட்டுகளையும் மதர்போர்டின் சாட்டா இணைப்புகளிலேயே நேரடியாகப் பொருத்துவது நல்லது. யூஎஸ்பி மாற்றிகளில் சில, பிழை வந்தவுடன் உறைந்துபோகின்றன. சிக்கல் இல்லாத தட்டாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை, உங்களுக்கு ஓர் இரவு முழுவதும்கூட ஆகலாம். பொறுமையாக விட்டுவிடுங்கள்.

எது மூலம், எது இலக்கு என்று அந்தக் கருவிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் என் கை இன்றும் ஒரு கணம் நிற்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரே நிறுவனத்தின் ஒரே அளவிலான இரண்டு தட்டுகளை மாற்றி எண்ணிக்கொண்டு, வெற்றுத் தட்டை நிறைந்த தட்டின்மேல் நகலெடுத்தேன். நான் உணர்ந்து நிறுத்தியபோது ஓர் ஆசிரியர் பல ஆண்டுகளாகத் தொகுத்த பாடக் குறிப்புகளின் மேல் சுழியங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்றும் சொல்லாமல் தட்டை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய முகம் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து தட்டின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி, ‘இதிலிருந்து’, ‘இதற்கு’ என்று குறித்துக்கொண்டு, திரையில் கருவி காட்டும் வரிசை எண்ணோடு ஒப்பிட்ட பிறகே விசையை அழுத்துகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழக்கமில்லை என்றால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தெரிந்தவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். மற்றவை அனைத்தையும் நீங்களே செய்யலாம்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை. பயாஸ் திரைக்குள் சென்று, சாட்டா இயங்கும் முறை ஐ.டி.இ. என்றிருக்கிறதா, ஏ.எச்.சி.ஐ. என்றிருக்கிறதா (மதர்போர்டு தட்டோடு பேசும் பழைய, புதிய முறைகள் இவை) என்பதைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இவ்வளவு வயதான மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அல்லது தீரும் தறுவாயில் இருக்கும். மின்கம்பியைக் கழற்றியதும் பயாஸ் தன் நினைவை இழந்து தொடக்க அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். அப்போது சாட்டா முறையும் மாறிப்போனால், அடுத்த முறை விண்டோஸ் 7 திறக்கும்போது நீலத் திரையும் 7பி என்று முடியும் பிழை எண்ணும் வரும். நகல் சரியில்லை, எஸ்.எஸ்.டி. ஒத்துவரவில்லை என்று பழி போட்டு, நல்ல நகலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவர்களை அறிவேன். பிழை நகலில் இல்லை. எழுதிவைத்த முறைக்கே திருப்பிவிட்டால் கணினி அமைதியாகத் திறந்துகொள்ளும். கேபினெட்டைத் திறக்கும் கையோடு அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். வேகத்துக்காக ஏ.எச்.சி.ஐ.க்கு மாற வேண்டும் என்று எங்கேனும் படித்திருந்தால், அதற்கு முன் விண்டோஸுக்குள் உரிய டிரைவரை ரெஜிஸ்ட்ரியில் இயக்கிவிட வேண்டும். இப்போது அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்னூட்டம் வெளியேறிவிடும். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கைவையுங்கள். சாட்டா இணைப்பியின் உட்புறம் ஆங்கில எழுத்து ‘எல்’ வடிவில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. நுழையவில்லை என்றால் திருப்பிப் பார்க்க வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. பதினைந்து ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் முறுகிப் போயிருக்கும். கேபிளை ஆட்டி ஆட்டி இழுத்தால், வன்தட்டின் பக்கம் இருக்கும் அந்த மெல்லிய நாக்கு உடைந்து கேபிளோடு வந்துவிடும். நேராகப் பிடித்து, பூட்டு இருந்தால் அதை அமுக்கிக்கொண்டு, ஒரே சீராக இழுங்கள். புதிய கேபிள் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பவர் சப்ளையில் சாட்டா மின்முனை மிச்சம் இல்லையென்றால் பழைய நான்கு முள் முனையிலிருந்து மாற்றும் கம்பி கிடைக்கும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே வார்ப்பாகச் செய்த மாற்றிகளில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு என்பதால், கம்பிகள் தனித்தனியே செருகப்பட்டிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யை மூன்றரை அங்குல இடத்தில் பொருத்த ஒரு தாங்கித் தகடு தேவைப்படும். பழைய வன்தட்டின் திருகாணிகள் எஸ்.எஸ்.டி.யின் துளைகளுக்குச் சேரா; அவை தடித்தவை, எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியவை எம்3 அளவிலான நுண்ணியவை. வற்புறுத்தித் திருகினால் மரை அழிந்துவிடும். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் எந்த நிலையில் வைத்தாலும் அது இயங்கும்.

நகல் முடிந்து முதன்முறை திறக்கும்போது ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: பழைய தட்டின் கேபிள்கள் இரண்டும் கழன்றிருக்க வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு தட்டையும் அதன் முதல் செக்டரில் உள்ள நான்கு பைட் அடையாளத்தைக் கொண்டே அறிகிறது. நகலில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டதால் இரண்டு தட்டுகளும் ஒரே பெயருடைய இருவராகிவிடுகின்றன. இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும். எதை முடக்கும் என்பது நம் கையில் இல்லை. புதிய தட்டு, பழையது இணைந்திருந்த அதே சாட்டா இணைப்பில் இருக்கட்டும். பயாஸில் பூட் வரிசையைப் பார்க்கும்போது, பல பழைய மதர்போர்டுகளில் வன்தட்டுகளுக்குள் எது முதலில் என்பதற்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். புதிய தட்டு கண்டறியப்பட்டும் பூட் தட்டு இல்லை என்று செய்தி வருவதற்கு அடிக்கடி அதுவே காரணம்.

விண்டோஸ் திறந்ததும் புதிய சாதனம் கண்டறியப்பட்டதாகச் சொல்லி மறுதொடக்கம் கேட்கும், அனுமதியுங்கள். இப்போது செக்டிஸ்க் ஓட்டலாம். படிக்க முடியாமல் விடுபட்ட செக்டர்களின் இடம் வெறுமையாக இருக்கும் என்பதால், கோப்பு அமைப்பில் சில இழைகள் அறுந்திருக்கக்கூடும். அவற்றை ஆரோக்கியமான தட்டின்மேல் முடிச்சுப்போடுவதில் அபாயம் இல்லை. கணக்கு மென்பொருளைத் திறந்து, இந்த ஆண்டுக் கணக்கோடு நின்றுவிடாமல் பழைய ஆண்டுகளின் பதிவுகளையும் அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக்மென்ட் வேலையின் அட்டவணையில் எஸ்.எஸ்.டி. சேர்ந்திருந்தால் நீக்கிவிடுங்கள், அதற்கு அது தேவையும் இல்லை, வீணாக எழுதுவதால் தேய்மானம்தான் மிச்சம்.

இவ்வளவு செலவும் உழைப்பும் இந்தக் கணினிக்குத் தகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்வது என் கடமை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் அதற்கு ஏறுவதில் பெரிய பயன் இல்லை. கணக்கு மென்பொருளுக்கும் பழைய கட்டுரைகளுக்கும் இந்தக் கணினி இன்னும் நன்றாக உழைக்கும், அதற்காக எஸ்.எஸ்.டி. வாங்குவது தகும்; ஆனால் அதை இணையத்திலிருந்து துண்டித்தே வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைகளை அதில் செய்யாதீர்கள். என்றைக்காவது மதர்போர்டு போய்விட்டாலும், அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கணினியில் பயன்படுத்தலாம், செலவு வீணாகாது. எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது பல நேரங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாக மறைந்துவிடும். கறுப்புத் திரைச் செய்தியும் ஏழு நிமிடத் தாமதமும் கொடுத்து உங்கள் பழைய தட்டு எச்சரித்ததுபோல அது எச்சரிக்காது. ஆகவே முதலில் எடுத்த கோப்புகள் இருக்கும் வெளித்தட்டு தொடர்ந்து உங்களிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கணக்குக் கோப்புறையை அதில் புதுப்பித்துவிட்டு, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

பழைய வன்தட்டை உள்ளேயே கூடுதல் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பெரும்பகுதி நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் செக்டர்கள் கெடத் தொடங்கிய தட்டு அந்த எண்ணிக்கையோடு நிற்பது அரிது. போதாததற்கு, விண்டோஸ் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்காகவும் காத்திருக்கும். நீங்கள் வாங்கிய வேகம் போய்விடும். அதைக் கழற்றி, எஸ்.எஸ்.டி. வந்த நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, மேலே தேதியையும் ‘நகல் எடுக்கப்பட்டது, அழிக்கப்படவில்லை’ என்ற குறிப்பையும் எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதங்களாவது அப்படியே இருக்கட்டும். ஏதாவது ஒரு கோப்பு புதிய தட்டில் திறக்கவில்லை என்பது அதற்குள் தெரியவந்தால், டிடிரெஸ்க்யூவின் வரைபடக் கோப்பும் அந்தத் தட்டும் கைவசம் இருந்தால் மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். அதன் பிறகு தட்டை அப்புறப்படுத்த நினைத்தால், முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் எழுதிவிட்டு மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.